கம்பெனியின் தருமமும் நமது பாக்கியும்

(தோட்டக் கிளைச் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் ஆபீஸ் சிப்பந்தி ஒருவர் ஆற்றிய உரை)

 

கிராணிமார் சங்கம் வேறு, தொழிலாளர் சங்கம் வேறு. ஆயினும் நம்மை மதித்து இந்த மேடையில் பேச அழைத்தீர்கள். செயலாளர் கொடுத்த தலைப்பு “கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு” என்பதாகும். ஆண்டறிக்கையின் நடுப்பக்கத்திலே வண்ணப் படங்களோடு வருகிற சொல் அது. அதைப் புகழவும் நாம் வரவில்லை, ஏசவும் வரவில்லை. கணக்கு எழுதிப் பிழைக்கிறவர்கள் கேட்கத் தெரிந்த ஒரே கேள்வியைத்தான் கேட்கப் போகிறோம். இந்தச் செலவு எந்தக் கணக்கில் எழுதப்படுகிறது?

சென்ற ஆண்டு பள்ளி திறந்த சமயம் நமது தோட்டத்தில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். தலைமை ஆபீஸிலிருந்து ஒரு லோரியில் புத்தகப் பைகள் வந்து இறங்கின. பந்தல் போட்டோம். பதாகை கட்டினோம். பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் படம் எடுத்தார்கள். பை நல்ல பைதான், குறை சொல்வதற்கில்லை. பைக்குள்ளே கம்பெனி முத்திரை போட்ட தண்ணீர்ப் போத்தல் ஒன்றும் இருந்தது. அப்போது மேல் லயத்துக் குழாய் உடைந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. வாரத்துக்கு மூன்று நாள் டாங்கி வண்டியில் தண்ணீர் வரும், அதுவும் செம்மண் கலந்து வரும். பேரனுக்குப் பை வாங்க வந்த ஒரு பாட்டி அந்தப் போத்தலைத் திருகித் திறந்து உள்ளே பார்த்துவிட்டு எங்களிடம் கேட்டார். “ஏன் ஐயா, போத்தல் நல்லாத்தான் இருக்கு. இதுல ஊத்தறதுக்குத் தண்ணி எப்ப ஐயா வரும்?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நாங்களும் சிரித்தோம். சிரித்துவிட்டு ஆபீஸுக்குப் போய் அன்று மாலையே ஒரு நன்றிக் கடிதம் தயார் செய்தோம். மானேஜர் சொன்னார், நாங்கள் எழுதினோம். கிளைத் தலைவர் எங்களை நம்பி, முழுதும் வாசிக்காமல் கையெழுத்திட்டார். அதில் ஒரு வாக்கியம் இருந்தது. “தொழிலாளர்களின் நலத் தேவைகள் யாவும் நிர்வாகத்தினால் செவ்வனே கவனிக்கப்பட்டு வருகின்றன” என்பது அது. அந்த வாக்கியம் எங்கள் கையால் எழுதப்பட்டது. தலைவர் மீது குற்றமில்லை. இதை இந்தச் சபையில் சொல்லாமல் மற்றதைப் பேசினால் அது நேர்மையாகாது.

குழாய் ஏன் பழுது பார்க்கப்படவில்லை, பை ஏன் வந்தது? மானேஜர் கெட்டவர் என்று சொல்லிவிட்டால் விஷயம் முடிந்துவிடும். ஆனால் அது உண்மையல்ல. எங்கள் மேசையிலிருந்து பார்த்தால் வேறொன்று தெரிகிறது. தோட்டத்தின் மாதக் கணக்கிலே கடைசியாக ஒரு வரி உண்டு. ஒரு கிலோ ரப்பருக்கு என்ன செலவு என்று அது சொல்லும். வெட்டுக் கூலி, உரம், புல் மருந்து, ரோடு, லயத்துக் கூரை, குழாய், ஆயாக் கொட்டகை எல்லாம் சேர்ந்து அந்த வரியில் போய் நிற்கும். மானேஜருக்குப் பதவி உயர்வா, இட மாற்றமா என்பதும் அந்த வரியில்தான் இருக்கிறது. பக்கத்துத் தோட்டத்தைவிட நாலு காசு கூடினால் தலைமை ஆபீஸிலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். ஆகவே குழாய் அடுத்த மாதத்துக்குத் தள்ளிப் போகும், அதற்கடுத்த மாதத்துக்கும் போகும்.

பையோ அந்த வரியில் ஏறுவதே இல்லை. அது தலைமை ஆபீஸின் தனிக் கணக்கில், விளம்பரத்தோடு பக்கத்துப் பக்கமாக உட்கார்ந்திருக்கிறது. வரிச் சலுகைக்காகத்தான் தருமம் செய்கிறார்கள் என்று சில நண்பர்கள் சொல்வார்கள். அங்கீகாரம் பெற்ற அமைப்புகளுக்குக் கொடுக்கும் நன்கொடையைக் கம்பெனி தன் வருமானத்தில் 10 விழுக்காடு வரை கழித்துக்கொள்ளலாம் என்பது உண்மைதான். ஆனால் குழாய் பழுது பார்த்த செலவும்தான் வருமானத்தில் கழிகிறது. ஆகையால் வரி மட்டும் காரணம் என்று சொல்வதற்கில்லை. பை படத்தில் விழும், மண்ணுக்கடியில் போகும் குழாய் படத்தில் விழாது. இவ்வளவுதான் சங்கதி.

இது இன்று நேற்று வந்த பழக்கமும் அல்ல. இந்த நாட்டில் ரப்பர் வந்த நாளிலிருந்தே முதலாளிமார் தொழிலாளருக்குச் செய்தவற்றில் மூன்று வகை கலந்து கிடக்கின்றன. சட்டம் கட்டாயப்படுத்தியதால் செய்தது ஒன்று. தங்களுக்கே லாபம் என்று கண்டு செய்தது ஒன்று. மனம் இரங்கிச் செய்தது ஒன்று. மூன்றுக்கும் ஒரே பெயரை வைத்துத் தருமம் என்று சொல்லிவிட்டார்கள்.

காய்ச்சலை எடுத்துக்கொள்வோம். 1911ஆம் ஆண்டில் மலாய்க் கூட்டரசு மாநிலங்களின் தோட்டங்களிலே இந்தியத் தொழிலாளர்கள் 1,000 பேருக்கு 60 பேருக்கு மேல் மாண்டார்கள். ஓராண்டில் மட்டும் அவ்வளவு பேர். பத்து ஆண்டுகளுக்கு முன்பே, 1901ல், டாக்டர் மால்கம் வாட்சன் என்பவர் கிள்ளானில் வடிகால் வெட்டிச் சதுப்பை வற்றச் செய்து மலேரியாவை அடக்கிக் காட்டியிருந்தார். வழி தெரிந்திருந்தும் தோட்டங்களில் கால்வாய் வெட்டக் காலம் பிடித்தது. செத்தவனுக்குப் பதிலாக நாகப்பட்டினத்திலிருந்து இன்னொருவனைக் கப்பல் ஏற்றிக் கொண்டுவர ஆகும் செலவு, கால்வாய் வெட்டும் செலவைவிட அதிகம் என்று கணக்குப் போட்டுப் பார்த்த பிறகுதான் பல தோட்டங்களில் மண்வெட்டி எடுத்தார்கள். எடுத்தார்களே, அது நல்லது. நம் பாட்டன்மார் பிழைத்ததனால்தான் நாம் இங்கே உட்கார்ந்திருக்கிறோம். ஆனால் அதைக் கருணை என்று எழுதிவைக்கக் கூடாது.

பள்ளிக்கூடமும் அப்படித்தான் வந்தது. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், தோட்டத்தில் பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் இருந்தால் பள்ளி வைக்க வேண்டும் என்றது. வைத்தார்கள். ஒரு கொட்டகையைக் காட்டி இதுதான் பள்ளி என்றார்கள். வாத்தியார் யார் என்றால், எத்தனையோ தோட்டங்களில் கங்காணி அல்லது கிராணிதான். (எங்கள் முன்னோர் என்ன கற்பித்திருப்பார்கள் என்று எண்ணினால் எங்களுக்கே கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.) அந்தக் கொட்டகைகளைப் பள்ளிகளாக்கியவர்கள் பின்னால் வந்த நல்லாசிரியர்களும், பிடியரிசி கொடுத்த பெற்றோரும். 1957ல் நாடு விடுதலை அடைந்தபோது தமிழ்ப் பள்ளிகள் 888. இன்று ஐந்நூற்றுச் சொச்சம். மறைந்தவற்றில் பெரும்பாலானவை தோட்டத்தோடு மறைந்தவை. தோட்டத்தில் நின்ற பள்ளிகளுக்கு நிலம் கம்பெனியுடையதாகவே இருந்தது. அதனால் அரசாங்கத்தின் முழு உதவி கிட்டாமல் எத்தனையோ பள்ளிகள் பகுதி உதவியிலேயே காலம் தள்ளின. அந்த நிலத்தைப் பள்ளியின் பெயரில் எழுதிக் கொடுத்தால் கம்பெனிக்கு ஒரே ஒரு கையெழுத்துத்தான் செலவு. கம்பியூட்டர் அறை கட்டித் தருவதாகச் சொல்லும் கம்பெனிகள்கூட அந்தக் கையெழுத்துக்குப் பல ஆண்டு யோசிக்கின்றன.

கள்ளுக்கடைக் கதையைச் சொல்லாமல் போக மனமில்லை. அக்காலத்தில் பல தோட்டங்களில் கள்ளுக்கடையை நிர்வாகமே நடத்தியது. அதில் வந்த லாபம் ‘தொழிலாளர் நல நிதி’ என்ற பெயரில் சேர்ந்தது. அந்த நிதியிலிருந்து பந்து விளையாடத் திடல் போட்டார்கள், திருவிழாவுக்குப் பணம் கொடுத்தார்கள். குடித்தவன் கூலி, குடித்தவன் பிள்ளைக்கு அன்பளிப்பாகத் திரும்பி வந்தது, நடுவிலே துரைக்கு ஒரு மாலையும் விழுந்தது! 1941ல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலை நிறுத்தம் செய்தவர்கள் வைத்த கோரிக்கைகளில் கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் ஒன்று. துரைமாரையும் கிராணிமாரையும் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்பது இன்னொன்று. ஆம், கிராணிமாரையும் சேர்த்துத்தான் சொன்னார்கள். அந்தப் போராட்டத்தில் துப்பாக்கிக் குண்டுக்குத் தொழிலாளர்கள் உயிர் இழந்தார்கள். அவர்கள் புத்தகப் பை கேட்கவில்லை. சமமான கூலி, ஒழுங்கான பள்ளி, மருத்துவம், சங்கம் வைக்கும் உரிமை ஆகியவற்றைக் கேட்டார்கள்.

வளரும் நாட்டிலே தொழிலாளி அவசரப்படக் கூடாது, முதலில் தொழில் நிலைக்கட்டும், பிறகு சமூகப் பொறுப்பைப் பார்ப்போம் என்று ஒரு வாதம் உண்டு. பெரியவர்கள்கூடப் பேசுகிறார்கள். இதில் ஒரு பங்கு உண்மை இருக்கிறது. விலை சரிந்தால் தோட்டமும் சரியும், ஐந்து ஏக்கர் வைத்திருக்கும் சிறு தோட்டக்காரரிடம் போய் மருத்துவமனை எங்கே என்று கேட்க முடியாது. ஆனால் பெரிய கம்பெனிகளின் வாயில் இந்த வாதம் எப்படி வேலை செய்தது என்பதற்குச் சரித்திரம் சாட்சி. 1930ல் உலகெங்கும் வியாபாரம் மந்தமானபோது, ஆண்களுக்கு 50 காசாக இருந்த நாள் கூலியை 40 காசாக வெட்டினார்கள், பிறகு இன்னும் கீழே கொண்டுபோனார்கள். லட்சத்துக்கு மேற்பட்டோரை ஊருக்குக் கப்பல் ஏற்றினார்கள். கஷ்டத்தை எல்லோரும் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று சொன்னார்கள். கொரியப் போர் வந்து 1950, 1951ல் ரப்பர் விலை பவுண்டு 2 வெள்ளியைத் தாண்டியபோது, எதிர்காலத்துக்குச் சேமித்துவைக்க வேண்டும் என்று சொன்னார்கள். இறக்கத்தில் பங்கு கொடுக்கிறவர்கள் ஏற்றத்தில் பங்கு கொடுக்கத் தயங்கினால் அதற்குப் பொறுப்பு என்று பெயர் வைக்க முடியுமா? அண்மையில் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் வந்தபோதும் இதே பாட்டுத்தான். 2013ல் 900 வெள்ளி என்று தொடங்கியபோது தொழில் படுத்துவிடும் என்றார்கள். 2025ல் அது 1,700 வெள்ளி. தொழில் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

சமூகப் பொறுப்பு என்ற சொல் நம் நாட்டுக் கம்பெனிகளின் ஏட்டில் ஏறியது 2006ல். கோலாலம்பூர்ப் பங்குச் சந்தை அந்த ஆண்டு ஒரு வழிகாட்டி வெளியிட்டது. சுற்றுச்சூழல், வேலையிடம், சமூகம், சந்தை என்று நான்கு தலைப்புகள். அடுத்த ஆண்டு முதல் பட்டியலில் உள்ள கம்பெனிகள் என்ன செய்தோம் என்று ஆண்டறிக்கையில் எழுத வேண்டும் என்றும் ஆயிற்று. எழுத வேண்டும் என்பதுதான் விதி, இவ்வளவு செய்ய வேண்டும் என்பது விதியல்ல. எழுதத் தெரிந்தவர்களுக்கு வேலை கிடைத்தது! நான்கு தலைப்பில் ‘வேலையிடம்’ என்பதன் கீழே என்ன எழுதுகிறார்கள் என்று பாருங்கள். லயத்துக்குச் சுண்ணாம்பு அடித்தது, ஆயாக் கொட்டகைக்குப் பாய் வாங்கியது, குடிதண்ணீர் தந்தது எல்லாம் சமூகப் பொறுப்பாக வருகின்றன. தோட்டத்து வீடுகளுக்குத் தண்ணீரும் மின்சாரமும் தந்து, வீடுகளைப் பழுதின்றி வைத்திருக்க வேண்டும் என்பது 1990ஆம் ஆண்டுச் சட்டம். கடன் வாங்கியவர் கடனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அதை நன்கொடைப் பட்டியலில் எழுதுவது போன்றது இது.

இந்தியாவிலே 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம் வேறு வழியில் போயிற்று. குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட கம்பெனிகள் முந்திய மூன்று ஆண்டு லாபச் சராசரியில் 2 விழுக்காட்டைச் சமூகக் காரியங்களுக்குச் செலவிட வேண்டும் என்றது. இப்படிச் சட்டத்தால் ஈகையை வாங்க முடியுமா என்று அங்கேயும் வாதாடுகிறார்கள், அது நிற்கட்டும். நமக்கு வேண்டியது அதனுடன் வந்த விதி ஒன்று. தன் சொந்த ஊழியர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் மட்டும் பயன்படும் செலவை அந்த 2 விழுக்காட்டில் சேர்க்கக் கூடாது என்கிறது அந்த விதி. தொழிலாளிக்குச் செய்வது முதலாளியின் கடமை, ஊருக்குச் செய்வதுதான் தருமம் என்று சட்டமே கோடு கிழித்துவிட்டது. நம் நாட்டுக்கும் அந்தக் கோடு வேண்டும் என்பது நமது எண்ணம்.

அப்படியானால் கம்பெனிகளின் மனம் மாறுவதே இல்லையா? மாறுகிறது. யார் கேட்டால் மாறுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். ரப்பர்ப் பாலில் கையுறை செய்யும் டாப் குளோவ் கம்பெனியின் விஷயம் உலகறிந்தது. நேப்பாளம், வங்காள தேசம் முதலிய நாடுகளிலிருந்து வந்த தொழிலாளர்கள், வேலைக்கு வருவதற்காக ஏஜெண்டுகளிடம் பெருந்தொகை கொடுத்துக் கடனாளிகளாக வந்திருந்தார்கள். பட்டியலில் உள்ள கம்பெனி ஆதலால் அதன் ஆண்டறிக்கையிலும் பொறுப்பைப் பற்றிய பக்கங்கள் இருந்தன. 2020 ஜூலையில் அமெரிக்கச் சுங்க இலாகா அதன் இரண்டு துணைக் கம்பெனிகளின் சரக்கைத் துறைமுகத்தில் தடுத்தது. அதன்பின் அந்தக் கம்பெனி தொழிலாளர்களுக்குத் திருப்பிக் கொடுத்த தொகை 13 கோடி வெள்ளிக்கும் மேல். 2021 செப்டம்பரில் தடை நீங்கியது. தங்குமிடச் சட்டமும் 2020 ஜூன் முதல் தோட்டம், சுரங்கத்துக்கு மட்டுமன்றி எல்லாத் தொழிலுக்கும் விரிக்கப்பட்டது. அத்தனை ஆண்டு அறிக்கை அசைக்காததைத் துறைமுகத்தில் நின்ற பெட்டி ஓராண்டில் அசைத்தது. நம்மோடு பால் வெட்டும் இந்தோனேசிய, வங்காள தேசத் தோழர்கள் சிலர் இன்று இந்தக் கூட்டத்துக்கு வந்திருக்கிறார்கள். அவர்கள் ஏஜெண்டுக்கு என்ன கொடுத்தார்கள் என்பது நம் சங்கத்தின் கேள்வியாகவும் ஆக வேண்டும்.

எல்லாவற்றிலும் பெரிய பாக்கி வீடு. பால் வெட்டுகிறவருக்கும் சரி, பேரேடு எழுதுகிறவருக்கும் சரி, வேலை இருக்கும் வரைதான் வீடு. முப்பது ஆண்டு உழைத்துப் பென்ஷன் வயதில் சாவியை ஆபீஸ் மேசையில் வைத்துவிட்டுப் போன பெரிய கிராணிகளை நாங்கள் பார்த்திருக்கிறோம். இன்று புத்ராஜெயா நிற்கும் நிலத்தில் பெராங் பெசார் தோட்டம் இருந்தது. அங்கே வெட்டியவர்கள் டெங்கிலில் அடுக்கு வீடுகளுக்குப் போய்த் தரை வீட்டுக்காக எத்தனை ஆண்டு காத்திருந்தார்கள் என்பது பத்திரிகை படிக்கிறவர்களுக்குத் தெரியும். தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில் துன் சம்பந்தன் 1960ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, மாதம் 10 வெள்ளி கட்டிப் பங்கு சேர்ந்தவர்கள் நம் தாத்தாமாரும் பாட்டிமாரும். முதலாளியின் இரக்கத்தை நம்பாமல் தாங்களே தோட்டம் வாங்கினார்கள். அது பெருமைப்பட வேண்டிய காரியம். ஆனால் தோட்டம் நடத்துகிறவர் யாராயினும், அது கூட்டுறவே ஆயினும், கிலோவுக்கு என்ன செலவு என்ற அந்தக் கடைசி வரி அங்கேயும் உண்டு. இதே கேள்விகளை அங்கேயும் கேட்பதில் தவறில்லை.

இப்போது இன்றைய காரியத்துக்கு வருகிறோம். இந்த ஆண்டும் பை வரப் போகிறது. மேல் லயத்துக் குழாய் ஒட்டுப் போட்ட நிலையில் இருக்கிறது, வாரத்தில் இரண்டு நாள் காற்றுத்தான் வருகிறது. பையோடு சேர்த்து ஒரு கடிதமும் கையெழுத்துக்கு வந்திருக்கிறது. சென்ற ஆண்டு நாங்கள் எழுதிய அதே வாக்கியம் அதில் இருக்கிறது, “நலத் தேவைகள் யாவும்” என்று தொடங்குவது. சென்ற ஆண்டுக் கடிதம் எங்கே போயிற்று என்று விசாரித்தோம். கம்பெனி அறிக்கையில் அச்சாகியிருக்கிறது. சரக்கு வாங்குகிறவர்களின் சார்பில் பரிசோதனைக்கு வந்தவர்களிடமும் காட்டப்பட்டிருக்கிறது. குழாயைப் பற்றி நம் செயலாளர் மூன்று மாதத்துக்கு முன் மானேஜரிடம் பேசப் போனபோது, “உங்கள் சங்கமே எழுதிக் கொடுத்திருக்கிறதே” என்று அந்தக் கடிதத்தைத்தான் எடுத்து நீட்டினார். நம் தலைவரின் கையெழுத்துக்கு வெளிநாட்டுச் சந்தையிலே ஒரு விலை இருக்கிறது என்பதை அன்றுதான் நாங்கள் அறிந்தோம். அந்தக் கையெழுத்தை ஒரு பைக்கும் போத்தலுக்கும் கொடுத்தோம்.

பையைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று சில இளைஞர்கள் சொல்கிறார்கள். வேண்டாம். பிள்ளைகள் வாங்கிக்கொள்ளட்டும், பந்தலும் போடுவோம், கொடுப்பவருக்கு வணக்கமும் சொல்வோம். பதில் கடிதத்தை மட்டும் மாற்றி எழுதியிருக்கிறோம். இந்த முறை சபையில் வாசித்துவிட்டுத்தான் தலைவரிடம் கொடுப்பது என்று முடிவு செய்தோம். திருத்தம் இருந்தால் இப்போதே சொல்லுங்கள், உள்ளே போனபின் சொல்லாதீர்கள். வாசிக்கிறோம்.

“ஐயா, பள்ளிப் பிள்ளைகளுக்குத் தாங்கள் அனுப்பிய பைகளை நன்றியுடன் பெற்றுக்கொண்டோம். மேல் லயத்துக் குழாயைப் புதிதாக மாற்றித் தருவது 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி நிர்வாகத்தின் கடமையாதலால், அதற்கான தேதியை எழுத்து மூலம் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். குழாயில் ஏழு நாளும் தண்ணீர் வந்த பிறகு, தண்ணீர் வருகிறது என்று எழுதிக் கொடுப்பதில் எங்களுக்கு யாதொரு தடையும் இல்லை.”